‘இண்ட்டு’ கொடுக்கின்றார்களாம்!

அண்மையில் ஒரு பள்ளி விழாவில் புதிர்ப் போட்டி நடந்தது. புதிர் சொன்னவர் தமிழாசிரியர். “ஐயா, ஓர் ‘இண்ட்டு’ கொடுங்கள்” என்று கேட்டனர் மாணவர். “சரி, ‘இண்ட்டு’ தருகின்றேன்” என்றார் அத் தமிழாசிரியரும்! பின்னர் அவரைத் தனியே கண்டு வினவினேன். “அதற்கு நேரான தமிழ்ச்சொல் இல்லையே, ஐயா” என்றார்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடியதே அவர் செய்த பிழை. பற்றுதல், பிடித்தல் எனும் பொருளுடைய பழைய ஆங்கில வினையினின்று அச்சொல் பிறந்திருக்கலாம் என்பர் சொல்லாய்வாளர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வாய்ப்பு என்னும் பொருளிலேயே வழங்கிற்று. சேக்சுபியரின் ஒத்தெல்லோ நாடகத்திலும் அப்பொருளே கொள்வர். மறைவாக உணர்த்துதல் என்பது அதனின்று விரிந்த பொருள். (நம் காடுகளில் இண்டு என்றொரு முட்கொடி உண்டு, அதுவும் பற்றிப் பிடிப்பதே. ஆயினும், வெறும் ஒலியொப்புமை கொண்டு ஆங்கிலச் சொல்லைத் தமிழென்று நிறுவப் புகுவார் நம்மை நகைப்புக்கே ஆளாக்குவர்.)

அவ்வொரு சொல் சுமக்கும் சுமையைத் தமிழ் பல சொற்களிற் பகுத்து வைத்துள்ளது. புதிருக்குத் தருவது துப்பு. கண்ணாலும் கையாலும் காட்டுவது சாடை. சொல்ல வந்ததன் ஓரத்தை மட்டும் தொட்டுக் காட்டின் கோடி காட்டுதல். அதனையே உள்ளே குத்தல் வைத்துச் சொல்லின், பொடி வைத்துப் பேசுதல். மழை வருமுன் தோன்றுவது அறிகுறி. மாலை வானில் செம்மைச் சாயல் தெரியும். குழம்பில் புளிப்பு இழையோடும். இவற்றுள் எது அகரமுதலியைப் புரட்டித் தேட வேண்டிய சொல்? நம் பாட்டிமார் நாவில் நாளும் புழங்கியவையே பல.

பிறர் உணர்த்துவதை உணர்ந்துகொள்வதற்கும் பெயருண்டு. குறிப்பறிதல் என்னும் தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். 71ஆவது வேந்தன் அவைக்கு, 110ஆவது காதலர்க்கு. சொல்லாமற் சொல்லும் நெறியை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியர் வகுத்தார். காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினைக்கும் குறிப்புவினை என்றே பெயரிட்டனர் நம் இலக்கணிகள்.

அதற்காகக் குறிப்பு என்னும் சொல்லையே எல்லாவிடத்தும் இட்டு நிரப்புதலும் தகாது. ‘அமைச்சர் குறிப்புக் கொடுத்தார்’ என்றெழுதின், தாள் ஒன்றை நீட்டினார் என்றே படிப்பவர் கொள்வர். அதற்கு அஞ்சித்தான் போலும், நம் செய்தித்தாள்கள் ‘சூசகமாகத் தெரிவித்தார்’ என்று வடசொல்லில் ஒளிந்துகொள்கின்றன. ‘கோடி காட்டினார்’ என்று எழுதினால் எந்தப் படிப்பாளிக்கு விளங்காது?

இவற்றையெல்லாம் அவ்வாசிரியர்க்கு எழுதினேன். மறுமொழி வந்தது. இப்பொழுது துப்பே கொடுக்கின்றாராம். ஆனால் மாணவர்க்குக் காவல்துறை நினைவே வருகின்றதாம். வரட்டுமே! விடையைக் களவாடி ஒளித்து வைத்திருப்பவர் அவர்தாமே?