கலைத்துப் பிடித்த படங்கள்

கடந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செல்வச்சந்நிதியில் காலைப் பூசை கண்டுவிட்டுத் தொண்டைமானாற்று நீரேரியின் கரையோரமாகத் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மாரி மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நீர் வற்றத் தொடங்கிக் கரையோரத்துச் சேறு வெளித் தெரிந்தது. ஏறத்தாழ இருநூறு பூநாரைகள் ஆழமில்லாத நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகை அமிழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இப்பால், சேற்றின் விளிம்பில், உள்ளான்கள். எண்ணத் தொடங்கி முந்நூறோடு விட்டுவிட்டேன். இன்னும் தள்ளி, ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் கலந்த ஒரு கூட்டம். நாங்கள் சிறு வயதில் இவை எல்லாவற்றையும் 'தாரா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம்.

அப்போது இரண்டு வான்கள் வந்து நின்றன. ஒன்பது பேர் இறங்கினார்கள். பெரும்பாலோர் நம் பிள்ளைகள். இருவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கைகளில் முழங்கை நீள லென்ஸ் பூட்டிய கமராக்கள். ஐந்து நிமிடம் படம் எடுத்தார்கள். அதற்குப் பின்னர் ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "இப்பிடியே நிண்டால் என்ன படம்? எழுப்பி விடு மச்சான்."

மச்சான் கைகளைத் தட்டிக்கொண்டு சேற்றுக்குள் ஓடினார். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பும் பறவையன்று. நீரின்மேற் பத்தடி, பதினைந்தடி ஓடித்தான் அது காற்றைப் பிடிக்க வேண்டும். இருநூறு பறவைகளும் ஓடின, எழுந்தன, செஞ்சிறகு விரித்தன. கரையிலே ஒன்பது கமராக்களும் சடசடத்தன. உள்ளான்கள் அதற்கு முன்னரே போய்விட்டன. வானத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய பூநாரைகள் மீண்டும் இறங்க முயன்றபோது மச்சான் இன்னும் சேற்றுக்குள்ளேயே நின்றார். யாரோ அவரை நிற்கச் சொல்லியிருந்தார்கள். பறவைகள் கிழக்கே போயின.

கரையில் இறால் வலையை உதறிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, அதுகள் சாப்பிட வந்ததுகள். இவை ஒவ்வொரு ஞாயிறும் வந்து கலைக்கினம். நான் வலை போடேக்கை எனக்குப் பக்கத்திலை நிண்டு மேயிறதுகள்."

இதை நான் கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் முதற் பங்கு எனக்கே உரியது. பத்திரிகை ஆசிரிய பீடத்தில் இருந்த காலத்தில், ஒரு தை மாதத்து இரவில், முதற் பக்கத்துக்குப் படம் தேடிக்கொண்டிருந்த என் மேசைக்குப் பூநாரைப் படங்கள் ஆறு வந்தன. ஐந்தில் அவை மேய்ந்துகொண்டிருந்தன. ஆறாவதில் வானம் நிறையப் பறந்தன. ஆறாவதைத்தான் நான்கு பத்தி அகலத்தில் இட்டேன். 'செந்நிற விருந்தாளிகள்' என்று தலைப்பும் கொடுத்தேன். மறுநாள் படப்பிடிப்பாளரைப் பாராட்டியபோது அவர் பெருமையோடு சொன்னார்: "ஒரு சீனவெடி கொளுத்திப் போட்டனான் ஐயா." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வெடி கொளுத்தியவர் அவர். அதற்குக் கூலியாக முதற் பக்கத்தைக் கொடுத்தவன் நான்.

(அந்தப் படத்தின் கீழ் 'செங்கால் நாரை' என்று வேறு அச்சாயிற்று. செங்கால் நாரை வேறு பறவை. அந்தப் பிழைக்கு மட்டும் நான்கு வாசகர் கடிதங்கள் வந்தன. பறவைகள் ஏன் பறந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை.)

பறவை ஒரு தடவை எழுந்து பறந்தால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியுள்ளது. இந்தக் கரைக்கு வருகின்ற உள்ளான் வகைகளிற் பலவும் நடு ஆசியாவிலும் சைபீரியாவிலும் அதற்கு வடக்கேயும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. ஐப்பசி வாக்கில் இங்கு வந்து, பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. மன்னாரில் கருவி பொருத்தப்பட்ட ஒரு கடற்காகம் ஆர்ட்டிக் பகுதிவரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கண்காணித்துக் காட்டினார்கள். 2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில், பிறந்து ஐந்தே மாதமான மூக்கன் இனத்துப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றர் தூரத்தை 11 நாட்களில் எங்கும் இறங்காமற் பறந்து கடந்தது. அத்தகைய பயணத்துக்குப் புறப்படும்போது அப்பறவையின் எடையிற் பாதியளவு கொழுப்பாக இருக்கும். இரைப்பையும் குடலும் சுருங்கிப் போயிருக்கும். சுமையைக் குறைப்பதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

நம் கரைக்கு வருபவை அந்த அளவு தூரம் ஒரே மூச்சிற் பறப்பவை அல்ல. ஆயினும் விதி ஒன்றுதான். புழுவும் நத்தையும் சிறு இறாலுமாகச் சேற்றிலிருந்து பொறுக்கிச் சேர்த்த கொழுப்புத்தான் வழிச்செலவு. ஒவ்வொரு கலைப்பிலும் அதில் ஒரு பங்கு எரிகிறது. பறந்து திரியும் அந்த நேரத்துத் தீனும் இல்லாமற் போகிறது. இரண்டு பக்கமும் நட்டம். ஒரு ஞாயிறு, ஒரு வான் என்றால் பறவை தாங்கிக்கொள்ளும். பருந்தும் நாயும் கலைப்பதைத் தாங்கித்தானே வாழ்கிறது. மாசி, பங்குனியில், புறப்படும் வாரங்களில், நாளுக்கு நான்கு தடவை என்றால்?

"இங்கே இல்லாவிட்டால் வேறிடம் போகும்" என்கிறார்கள். தொண்டைமானாற்றை அறிந்தவர் இப்படிப் பேசமாட்டார். கடல்வாயில் தடுப்பணை இருக்கிறது. மாரியில் நீர் ஏறினால் வல்லை வெளி முழுவதும் ஒரே ஏரி. அப்போது உள்ளானுக்கு அங்கே வேலையில்லை. அதன் கால் அரைச் சாண்கூட இல்லை. நீர் வற்றும்போது வெளிப்படுகின்ற அந்தச் சேற்றுப் பட்டியல்தான் அதற்குச் சோறு. அந்தப் பட்டி நீரோடு நாளுக்கு நாள் நகரும். அகலத்தில் சில யார்தான் தேறும். மனிதன் கால் புதையாமல் நடக்கக்கூடிய இடமும் அதுவேதான். வெளி பரந்தது, உண்மை. மேசை சிறியது.

வேடிக்கை என்னவென்றால், பழைய வேட்டைக்காரருக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது. எங்கள் தலைமுறை உள்ளானை உண்ட தலைமுறை; அதை மறைத்து நான் நல்லவன் வேடம் போட முடியாது. என் தாய்மாமன் துவக்கோடு வல்லை வெளிக்குப் போவார். விடிவதற்கு முன்னர் போய், கண்டற் பற்றையின் கீழ் அமர்ந்துவிடுவார். பேச்சில்லை, சுருட்டில்லை. பறவை தானாக வந்து இறங்கி, மேய்ந்து மேய்ந்து அவருக்குக் கிட்ட வரும். கலைத்துவிட்டாற் கறி இல்லை என்பது அவருக்குத் தெரியும். கொல்லப் போனவரிடம் இருந்த பொறுமையிற் காற்பங்கு, நேசிக்கப் போகிறோம் என்று சொல்லுகிறவர்களிடம் இல்லை. அவருடைய துவக்கு இரண்டு வெடியோடு ஓய்ந்தது. இவர்களுடைய கமரா நொடிக்கு இருபது படம் எடுக்கிறது.

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போர்க் காலத்தில் இந்தக் கரைக்குக் கமராவோடு வருவதை யாரும் கனவிலும் எண்ணியதில்லை. ஊர்கள் வெறுமையாகக் கிடந்தன. பறவை வந்ததா போனதா என்று பார்க்க ஆளில்லை. 2009க்குப் பின்னர் வந்த இளைஞர்களின் படங்கள்தான், இப்படியொரு செல்வம் நம் கொல்லைப்புறத்தில் உண்டென்பதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்குக் காட்டின. அதற்கு நன்றி. வானுக்குள்ளேயே இருந்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, மணிக்கணக்கிற் காத்திருந்து படம் எடுப்பவர்களையும் நான் அறிவேன். வாகனத்தைப் பறவை பொருட்படுத்துவதில்லை. கதவு திறந்து கால் வெளியே வந்தாற்றான் அஞ்சுகிறது. மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால், நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று பொருள். அவ்விடத்திலேயே நின்று, இரண்டடி பின்வாங்க வேண்டும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை.

இதைச் சொல்லிக்கொடுக்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாளை எழுதாமல் உயர்தரம் படித்த பிள்ளை யாழ்ப்பாணத்தில் உண்டா? அந்தப் பெயரில் உள்ள 'வெளிக்களம்' எங்கே இருக்கிறது என்று எத்தனை பிள்ளைகள் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? ஐந்து விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்து விட்டு வந்துவிட்டோம்.

இன்னொன்று, பூநாரையைவிட எனக்குக் கவலை தருவது. மழைக்காலம் போய், வலசை வந்தவை எல்லாம் புறப்பட்ட பின்னரும் இந்தக் கரைகளை விட்டுப் போகாத பறவைகள் உண்டு. வடக்கின் உப்பு வெளிகளிலும் மணற் கரைகளிலும் வாழ்கின்ற சிறிய உப்புக்கொத்தி அவற்றில் ஒன்று. நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையாகக் கருதப்பட்ட இதனைத் தனி இனமென 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு நிறுவிற்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது; இராமர் அணையின் இரு கரைக்கும் உரியது என்பதால் அனுமனின் பெயரை இட்டார்கள். கூடு என்று சொல்லத்தக்க ஒன்றை அது கட்டுவதில்லை. வெறும் நிலத்திற் சிறு குழி. அதில் மணல் நிற முட்டைகள். நண்பகல் வெயிலில் தாய் முட்டைமேல் நின்று நிழல் கொடுக்க வேண்டும். 'குஞ்சு பொரிக்கும் காட்சி' எடுப்பதற்காக ஒருவர் அரை மணி நேரம் கிட்ட நின்றால், தாய் தள்ளி நின்று கத்தும். முட்டை வெயிலில் அவியும். படமும் நன்றாகவே வரும். பின்னர் இடத்தின் பெயரோடு முகநூலில் ஏறும். அடுத்த கிழமை மோட்டார் சைக்கிள்கள் வரும். முட்டையை மிதிப்பவருக்கு, மிதித்தோம் என்றே தெரியாது.

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சட்டம் இல்லாமலில்லை, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. தெற்கே சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. ஆனால் வடக்கிலே வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கல் நட்டால், அங்கே முதலில் மறிக்கப்படுகிறவர் யார்? வானில் வந்து போகிறவரா? அவர் நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போவார். மறிக்கப்படுவது அந்த இறால் வலைக்காரர். பறவைக்குப் பக்கத்தில் நின்று, பறவை அஞ்சாத வகையில் தொழில் செய்கிற ஒரே மனிதர். காணிக்கும் கடலுக்கும் இத்தனை ஆண்டு அலைந்தவர்களின் ஊரிலே, நம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கின் விலையை அவரிடம் வசூலிப்பது நியாயமா? கரையை நாங்களே காத்தால், கல் நட வேண்டிய தேவை வராது என்பது என் கட்சி. கல் நட விரும்புகிறவர்களுக்கு நல்ல காரணம் ஒன்றை நாங்களே தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் பழைய தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு, உரிமையோடு சில வார்த்தை. கூட்டமாக எழும்பிப் பறக்கும் படம் மேசைக்கு வந்தால், எப்படி எழும்பின என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றாற் போடாதீர்கள். முட்டை, குஞ்சு, கூடு உள்ள படங்களில் இடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். ட்ரோன் கமராவில் மேலிருந்து எடுத்த படத்தை, எவ்வளவு அழகானாலும், குப்பைக்குள் இடுங்கள். மேலே இரைந்துகொண்டு வருவது பறவைக்குப் பருந்துதான். அழகுக்குப் பதிலாக எண்ணிக்கை கேளுங்கள். ஆசியா முழுவதும் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; 1987இல் தொடங்கியது. நம் கரைகளில் ஆயிரக்கணக்கிற் படம் எடுக்கிறவர்களில், எந்த நாள், எந்த இனம், எத்தனை என்று மூன்று வரி எழுதி வைப்பவர் எத்தனை பேர்? நாளைக்கு இந்த நீரேரியை நன்னீராக்கும் திட்டமோ, வேறு திட்டமோ வரும்போது அதிகாரியின் மேசையிற் பேசப்போவது அந்த மூன்று வரிதான். செஞ்சிறகுப் படம் அவருடைய நாட்காட்டியிற் தொங்கும்.

சந்நிதியிற் பூசகர் வாயை வெண்துணியாற் கட்டிக்கொண்டே பூசை செய்கிறார். ஒலியில்லாத பூசை அது. அதைக் கண்ணால் கண்டு, திருநீறு பூசிக்கொண்டு வருகிறவர்கள் முந்நூறு யார் தள்ளி வந்து கைதட்டிப் பறவை கலைக்கிறார்கள்.

அன்று நானும் என் சிறிய கமராவில் ஒரு படம் எடுத்தேன், வான்கள் வருவதற்கு முன்னர். தூரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக முதுகுகள். ஒரு பத்திரிகையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டதால் அனுப்பி வைத்தேன். மாலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, படம் சரியில்லை. ஒண்டுக்கும் தலை தெரியேல்லை."

"தலை தண்ணீருக்குள்ளை இருந்தது தம்பி" என்றேன்.