இளவேனில் என்னுஞ் சொல்

ஆங்கிலேயர் 'ஸ்பிரிங்' என்பதை 'இளவேனில்' எனப் பெயர்த்து மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். அஃது அரைகுறையான பெயர்ப்பு என்பதே நம் கருத்து. நம் இளவேனில் சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் ஏறுங் காலம். குளிர்நாட்டார்க்கோ அது வெண்பனி கரைந்து மண் முகங்காட்டுங் காலம்.

வேட்ஸ்வேத்தின் டபொடில் பாட்டை இங்கே மனனஞ் செய்த நம் பழைய மாணவர் சிலர், இன்று கனடாவில் அம்மலரைத் தம் முற்றத்திலே வளர்க்கின்றனர். அவர்க்கு இவ்வேறுபாட்டை நாம் விளக்க வேண்டுவதில்லை. சித்திரையிற் பூக்காண விரும்புவோர் ஐப்பசியிலேயே, மண் உறையுமுன், கிழங்கைப் புதைத்தல் வேண்டும். ரியூலிப் கிழங்கு ஏறக்குறைய 12 கிழமை குளிரிற் கிடந்தாலன்றிச் செவ்வனே பூவாது. நம்மூர்த் தோட்டக்காரர் எத்துணை வல்லுநராயினும் இதற்கு என் செய்வர்! அணில்கள் அதனைத் தோண்டித் தின்பதும் உண்டு. டபொடில் நஞ்சுடைமையால் தப்பும்.

போர்க்காலத்தில் ஒட்டாவாவில் அடைக்கலம் பெற்ற நெதர்லாந்து இளவரசி யூலியானா, 1945இல் நன்றிக்கடனாகக் கனடாவுக்கு 100,000 ரியூலிப் கிழங்குகளை அனுப்பினார். மலரையன்று, கிழங்கையே அனுப்பினார் என்பதை நோக்குக. ஒரு மாரியைப் பொறுத்திருந்து பெறும் பரிசு அது. இப்பொறுமையையுஞ் சேர்த்துச் சொல்லாது 'இளவேனில்' என்று மட்டும் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், மாணவர்க்குப் பாதிப் பொருளையே கொடுக்கின்றார்.

பூ உதிர்ந்த பின்னும் அங்கே வேலை ஓயாது. அழகற்றதென இலையை அறுத்தெறிவோர் உளர். இலை தானே பழுக்கும்வரை விட்டாலன்றிக் கிழங்கில் உணவு சேராது. மறுமுறை இலை வரும், பூ வாராது.