கோழிக்கு உண்டு, மீனுக்கு இல்லையா?

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குச் செல்வோர் ஐயாற்று மீன்களுக்குப் பொரி போடாமல் திரும்புவதில்லை. அறுத்துச் சமைத்த மீன் ஒன்று கூடி உயிர்பெற்று ஆற்றில் குதித்ததாக அங்கே ஒரு கதை சொல்வார்கள். நம் குட்டையில் வளரும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. வயிறு உப்பி, செதில் சிலிர்த்து, அடிவயிற்றில் ரத்தத் திட்டுகளோடு ஒரு மீன் கரையோரம் ஒதுங்கினால், அடுத்த சில நாட்களில் பல மீன்கள் மிதக்கும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியா. இது வெளியிலிருந்து வர வேண்டியதில்லை; குட்டை நீரிலும் மீனின் குடலிலும் எப்போதும் இருப்பதுதான். நெரிசல், பிராணவாயுக் குறைவு, அளவு மீறிப் போட்ட கோழி எரு, உடம்பில் சிராய்ப்பு, இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் அதன் கை ஓங்கிவிடும். அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிளாஸ்டிக் பையில் குலுங்கிக்கொண்டு மேலே வரும் விரலிகள் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நோய் கண்டபின் தீனியில் ஆன்டிபயாடிக் கலந்து போடுவதில் பயன் குறைவு. நோயுற்ற மீன் தீனி எடுக்காது. மருந்து நலமாயுள்ள மீனுக்கும் நீருக்கும் போய்ச் சேர்கிறது; கிருமியோ அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது.

மலையிலிருந்து கீழே இறங்கினால் நாமக்கல் கோழிப்பண்ணைகள். அங்கே தடுப்பூசி போடாமல் ஒரு குஞ்சையும் வளர்க்க மாட்டார்கள். மாரெக்ஸ் நோய்க்கான ஊசியைப் பொரித்த அன்றே பொரிப்பகத்திலேயே போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு ராணிப்பேட்டையில் மருந்து தயாராகிறது. அதே மாவட்டத்தில் குட்டை வெட்டியவருக்கு மீனுக்கும் தடுப்பூசி உண்டு என்று சொன்னால் சிரிக்கிறார்!

சிரிக்க ஒன்றுமில்லை. கொன்ற கிருமியைத் தீனியில் கலந்து கொடுத்து டிரவுட் மீனைக் காக்கலாம் என்று கனடாவில் டஃப் என்பவர் 1942-லேயே காட்டினார். 1976-ல் அமெரிக்காவில் முதல் மீன் தடுப்பு மருந்துக்கு உரிமம் கிடைத்தது. நார்வே நாட்டுச் சால்மன் பண்ணைகள் 1987-ல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டின. தடுப்பூசி வந்தபின் உற்பத்தி பல மடங்கு பெருகியும் அது ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது.

நம் நாட்டிலும் வேலை நடக்காமல் இல்லை. ஏரோமோனாஸ் நோய்க்குப் புவனேஸ்வரத்து நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், காலம்னாரிஸ், எட்வர்ட்சியெல்லா நோய்களுக்கு மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் உருவாக்கிய தடுப்பு மருந்துகளை வணிக அளவில் தயாரிக்க, ஐதராபாத் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் 2022-23-ல் உடன்பாடு செய்துகொண்டது.

ஆனால் மருந்து இருந்தால் மட்டும் போதாது. நாலைந்து கிலோ எடைக்கு வளரும் சால்மனை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டாலும் கட்டுபடியாகும். ஆயிரக்கணக்கில் விடும் கெண்டை விரலிக்கு அது நடக்கிற காரியமா? மருந்து கலந்த நீரில் முக்கி எடுக்கும் முறைதான் நமக்கு ஏற்றது. ஏரோமோனாஸுக்கு அது ஊசி அளவு பலன் தருவதில்லை என்பது உண்மை. அக்கிருமியிலும் பல வகைகள் உண்டு. ஓரிடத்துக் கிருமியில் செய்த மருந்து வேறிடத்தில் பொய்த்துப் போகலாம். ஆகவே கொல்லிமலைக் குட்டையின் கிருமி எது என்று பார்த்தாக வேண்டும். குளிர்ந்த நீரில் மீனின் எதிர்ப்புச் சக்தி மெதுவாகவே வளரும். மார்கழியில் மலைமேல் விடும் குஞ்சுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்திருக்க வேண்டும்.

எனவே குட்டைக்காரரிடம் மருந்தைக் கொடுப்பதைவிட, அரசு மீன்குஞ்சுப் பண்ணைகளிலேயே விரலிகளை முக்கி எடுத்து விற்பதே முறை என்பது என் கருத்து. கோழிக்குஞ்சு விலையில் ஊசிச் செலவு அடங்கவில்லையா? அதுபோல விரலி விலையிலும் அடங்கட்டும். மீன்வளத்துறை முதலில் ஒன்றிரண்டு பண்ணைகளிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஒன்று கவனிக்க வேண்டும். சிவந்த புண்ணெல்லாம் பாக்டீரியா நோய் அல்ல. 1988-ல் இந்தியாவுக்குள் புகுந்த புண்நோய்க்கு மூலம் ஒரு பூசண இனம். பாக்டீரியாத் தடுப்பூசி அதைத் தடுக்காது. வந்திருப்பது எது என்று அறிய, செத்து மிதக்கும் மீனை எடுத்துச் செல்லாமல், நோயுற்று உயிரோடிருக்கும் மீனைப் பிராணவாயு நிரப்பிய பையில் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள். செத்த மீனில் சில மணி நேரத்திலேயே வேறு கிருமிகள் பெருகிவிடும். அந்தப் பரிசோதனை வசதி செம்மேட்டிலேயே கிடைத்தால் மலைமேல் உள்ளவர்களுக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.