வலைஞர் வீட்டுப் பிள்ளை வலையில் விழலாமா?

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், எவர் வலை கட்டுவது என்பதை ஊர் கூடித் தீர்மானிப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் முறை. எல்லாம் சபையில் நடக்கும். பத்துப் பேர் அறியாமல் காரியம் முடியாது. அந்தப் பத்துப் பேரே அங்கு பாதுகாப்பு.

இந்தக் குப்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் பொன்னேரிக்குப் பஸ் ஏறிக் கல்லூரி போகிறார்கள். பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். வீட்டிலும் அவர்களே கணக்குப்பிள்ளை. அப்பாவின் பாங்கிக் கணக்கு, அம்மாவின் சிறு சேமிப்பு எல்லாம் அவர்கள் கைப்பேசிக்குள் இருக்கின்றன. எத்தர்களின் கண் இவர்கள் மீது விழுவதில் ஆச்சரியம் என்ன?

முதல் தூண்டில், உபகாரச் சம்பளம். “உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று ஒரு குரல் கனிவாகப் பேசும். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாணவர் கணக்குக்கே நேராகப் பணம் செல்லும்படி அமைந்தவை. அந்தப் பெயர்களைச் சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ரகசிய எண் பணம் கொடுப்பதற்குத்தான். பெறுவதற்கு அது தேவையே இல்லை. கேட்ட மாத்திரத்தில் பேச்சை முறித்துவிடலாம்.

இரண்டாவது, பகுதி நேர வேலை. படத்துக்கு ‘லைக்’ போட்டால் கூலி என்பார்கள். முதல் நாள் நூறோ இருநூறோ வந்தும் விடும். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனை இழுக்கும் வித்தையை மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மறுநாள், “ஐயாயிரம் கட்டினால் பத்தாயிரம்” என்பார்கள். வேலை செய்பவனுக்குக் கூலி கொடுப்பதுதான் உலக வழக்கம். வேலை செய்பவனே பணம் கட்ட வேண்டுமென்றால், அங்கே வேலை இல்லை, சூழ்ச்சியே இருக்கிறது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. “உன் பாங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்” என்பார்கள். கேட்பவன் சில சமயம் உடன் படிப்பவனாகவே இருப்பான். எங்கோ ஒரு முதியவரிடம் பறித்த பணம் இந்தக் கணக்கின் வழியே ஓடும். போலீஸார் முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவர் வாசலில்தான். கணக்கு முடங்கும், வழக்கு வரும். ஏமாந்தவன் பணத்தை இழப்பான். கணக்கைக் கொடுத்தவனோ எதிர்காலத்தையே இழக்கக்கூடும்.

படிப்பு முடியும் தறுவாயில் வருவது வெளிநாட்டு ஆசை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சென்று மியான்மரில் அடைபட்ட தமிழ் இளைஞர் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அத்தகைய முகாம்களில் சிக்கியவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலையே பிறரை ஏமாற்றுவதுதான். 2025 மார்ச்சில் இவ்விதம் அகப்பட்ட இந்தியர் 500-க்கு மேற்பட்டவர்களை விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘இ-மைகிரேட்’ இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்தால் அடியெடுத்து வைக்கலாகாது.

“படித்தவன் ஏமாறலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விதான் எத்தர்களுக்குப் பெரிய துணை. அதற்கு அஞ்சியே மாணவன் வாய் திறப்பதில்லை. முதலில் இழந்ததை மீட்க நண்பனிடம் கடன் வாங்குகிறான், அதையும் இழக்கிறான். “யாரிடமும் சொல்லாதே”, “உடனே செய்” என்ற இரண்டு வார்த்தைகளில்தான் மோசடியின் உயிர் இருக்கிறது. வீடியோவில் தோன்றிக் காக்கிச் சட்டையைக் காட்டி, “உன்னைக் கைது செய்துவிட்டோம், அறையை விட்டு வெளியே வராதே” என்று மிரட்டுகிறவனும் இதையேதான் சொல்கிறான். அப்படிக் கைது செய்ய இந்நாட்டில் சட்டமே கிடையாது.

ஆகவே பெற்றோர் கடிந்துகொள்ளாமல் காது கொடுக்க வேண்டும். பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பாங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முடிந்தால் மீளும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். கல்லூரிகளும் சேர்க்கை நாளன்றே இதைச் சொல்லித்தர வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லையென்று கைகழுவுவது நியாயமாகாது.

ஏரியில் வலை கட்டுமுன் ஊரைக் கேட்கிற வழக்கம் அந்தப் பிள்ளைகளின் பாட்டன் சொத்து. பணம் கட்டுமுன் ஆசிரியரையோ அண்ணனையோ அம்மாவையோ ஒரு வார்த்தை கேட்டால், அந்தச் சொத்து கைப்பேசிக்குள்ளும் காவல் நிற்கும். சபையில் சொல்ல முடியாத எந்தப் பேரமும் நல்ல பேரமல்ல.