தோட்டப்புரையும் அதன் அடித்தளமும்

ஊரில் வீடும் வெளியூரில் வேலையுமாக வாழும் குடும்பத்தாருக்கென எழுதி வரும் இப்பகுதியில், இத்திங்கள் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். வீட்டு விளையில் மண்வெட்டி, ஏணி, விறகு, ரப்பர் ஷீட்டு முதலியவற்றை வைப்பதற்கு நிறுத்தும் புரைக்கு எவ்வாறு அடித்தளம் இடுவது என்பதே அது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர். அச்சுவர் நிற்பதற்கு உறுதியான தளம் வேண்டும் என்பதை நாம் பட்டே அறிந்தோம்.

2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்து நாள் விடுப்பில் காரக்கோணம் சென்றிருந்தோம். தந்தையார் மறைந்தபின் அன்னையார் தனித்திருக்கும் வீடு அது. ஆயத்தமாக விற்கும் தகரப்புரை ஒன்றை வாங்கி, விளையின் சரிவில் மேற்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் நிரவி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, இரண்டே நாளில் நிறுத்திவிட்டோம். அன்னையார், “மக்கா, தண்ணி போற வழியப் பாத்துட்டுப் பொறவு கல்லு வை” என்றார். விடுப்பு முடியும் அவசரத்தில் அச்சொல்லை நாம் செவிக்கொள்ளவில்லை.

இடவப்பாதி மழை வந்தது. இட்ட மண் அமிழ்ந்தது. வெட்டிய மண் அமிழவில்லை. புரை ஒருபக்கம் சாய்ந்து, கதவு சட்டத்தில் இறுகியது. ஓரிரவு புரைக்குள் நீர் தேங்கியதை அறிந்த அன்னையார், தந்தையாரின் பத்திரங்கள் இருந்த மரப்பெட்டியை எடுக்கச் சென்றார். இறுகிய கதவை இழுத்தபோது வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. மூன்று நாள் கழித்து அண்டைவீட்டார் தொலைபேசியில் கூறித்தான் நாம் அறிந்தோம். பெட்டியின் அடிப்பலகையைக் கறையான் அரித்திருந்தது. கை கூடிவிட்டது, ஆயினும் அக்கையால் அன்னையார் இன்றும் கிணற்றில் நீர் இறைப்பதில்லை.

நம் தொழிலோ இரயில்வேயில். தண்டவாளம் வெறும் மண்மீது கிடப்பதில்லை என்பதை நாள்தோறும் காண்கின்றோம். தண்டவாளத்தைக் குறுக்குக் கட்டைகளும், கட்டைகளைச் சல்லிப் படுகையும் தாங்குகின்றன. சல்லி சுமையைப் பரப்பி மண்ணுக்குக் கொடுக்கிறது; மழைநீரைத் தேங்கவிடாமல் வடிக்கிறது. 1979 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதை நம் ஊருக்கு அண்மையில் பாறசாலை வழியே செல்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு சிறு புரைக்கும் அதே முறைதான் என்பது தோன்றாமற் போயிற்று.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, மண்ணை அறிதல். 1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழர் மாநிலத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் சேர்ந்தன. மண் அவ்வெல்லையை அறியாது. இருபுறத்து மேட்டு நிலங்களிலும் செம்மண்ணும் அதன்கீழ் வெட்டுகல்லுமே பெரிதும் காணப்படும். வெட்டுகல் நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகுவது. 1807 ஆம் ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில் புக்கானன் என்னும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர், மலபாரில் இக்கல்லைக் கண்டு, செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் இதற்குப் பெயரிட்டார். இந்நிலம் சுமை தாங்கும். ஆனால் நிரவிய மண்ணும், பழைய ஏலாவைத் தூர்த்த களிமண் இடமும் அவ்வாறல்ல. அங்கு ஒரு மழைக்காலமேனும் மண் படியவிட்டு, பின்னர் அரையடிப் படலங்களாக நீர் தெளித்து இடித்து இறுக்கல் வேண்டும்.

இரண்டாவது, தளத்தின் வகையைத் தெரிதல். அவை நான்கு.

சிறிய மர அல்லது தகரப் புரைக்குச் சல்லிப் படுகை போதும். மேல்மண்ணை அரையடி நீக்கி, அடியை இடித்து, ஓரங்களில் கல் நிறுத்தி, நான்கு அங்குலச் சல்லி பரப்புக. இதுவே மலிவானது, நீரும் வடியும்.

சரிவில் மண்ணை வெட்டி நிரவுவதைவிடக் கல்தூண்கள்மேல் புரையை ஏற்றுவது நன்று. ஒவ்வொரு தூணும் வெட்டாத மண்ணில் ஊன்ற வேண்டும். மரக்கால்களை ஒருபோதும் மண்ணில் புதைக்கலாகாது.

பாரம் மிகுந்த பொருள்களுக்குக் கருங்கல்லாலோ வெட்டுகல்லாலோ சுற்றுக்கட்டு எழுப்பி, உள்ளே மண் இட்டு இடித்து நிரப்புவது பழைய முறை. நம் நாட்டுப் பழைய வீடுகள் உயர்ந்த அடித்தளத்தின்மேல் நிற்பதன் பொருள், ஈரமும் கறையானும் மரத்தை எட்டாமையே.

நான்காவது கான்கிரீட்டுத் தளம். எந்திரம், உரமூட்டை வைப்போர் இதனையே தெரிக.

கனடா போன்ற குளிர்நாடுகளில் வாழும் அன்பர்களுக்கு ஒரு சொல். அங்கே மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிந்து தளத்தைத் தூக்கிவிடும். ஆதலால் அங்கும் நீர் வடியும் சல்லிப் படுகையே சிறு புரைக்கு ஏற்றது.

மூன்றாவது, அளத்தல். நான்கு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டுக. ஒரு பக்கத்தில் 3 அடியும் மறுபக்கத்தில் 4 அடியும் குறித்து, அவ்விரு குறிகளுக்கிடையே 5 அடி இருப்பின் மூலை நேரானது. இரண்டு மூலைவிட்டங்களும் சமமாயின் முழுத்தளமும் நேரானது. மட்டம் பார்க்க, நீர் நிரப்பிய குழாய் ஒன்றே போதும். தளம் புரையின் அளவினதாகவே இருக்கட்டும். வெளியே நீண்டால் கூரைநீர் அதன்மேல் விழுந்து உள்ளே ஓடும்.

நான்காவது, கான்கிரீட்டு இடுதல். 10 அடி நீளமும் 8 அடி அகலமும் 4 அங்குலக் கனமும் உள்ள தளத்திற்கு ஏறத்தாழ 27 கன அடி கான்கிரீட்டு வேண்டும். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குலச் சல்லி நான்கு என்னும் கணக்கில், 50 கிலோ மூட்டை ஐந்தும், மணல் 12½ கன அடியும், சல்லி 25 கன அடியும் செல்லும். சிந்துவதற்கு ஒரு மூட்டை மிகுதியாக வைத்துக்கொள்க. ஆற்றுமணல் அரிதாகிவிட்டதால் பாறையை அரைத்த எம்சாண்டு வாங்கலாம். தூள் மிகாமல் கழுவியதாகப் பார்த்து வாங்குக. மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாது. மணல் ஈரமாயின் இன்னும் குறைக்க. குழைவு எளிதாகிறதென்று நீரைக் கூட்டினால் தளம் வலுவிழக்கும். இடித்த மண்ணின்மேல் சல்லி பரப்பி, அதன்மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு இட்டே கான்கிரீட்டு ஊற்றுக. அடியிலிருந்து ஈரம் ஏறுவதை அவ்விரிப்பே தடுக்கும். கதவுப் பக்கமாக 10 அடிக்கு 1 அங்குலம் சரிவு வைக்க. மறுநாள் முதல் பத்து நாள் ஈரச்சாக்கு மூடி நனைத்துக்கொண்டிருத்தல் வேண்டும். விடுப்பு ஏழே நாளாயின், மீதி நாள்களுக்கு நனைப்பவர் யார் என்பதை முன்னரே ஏற்பாடு செய்க.

ஐந்தாவது, காற்றை நினைத்தல். 2017 ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் பகுதியில் மரங்களை வேரோடு சாய்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தளம் புரையைத் தாங்கினால் மட்டும் போதாது, பிடித்துக்கொள்ளவும் வேண்டும். ஈரக் கான்கிரீட்டிலேயே ஆணித்தண்டுகளை நிறுத்திச் சட்டத்தை முடுக்குக.

தளம் சுற்றுநிலத்தைவிட அரையடியேனும் உயர்ந்திருக்கட்டும். மேற்புறத்தில் ஒரு சால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுக. தளத்தைச் சுற்றி இலைச்சருகு குவியாதிருந்தால், கறையான் மண்கோடு இட்டு ஏறுவது கண்ணில் படும், உடனே தட்டிவிடலாம். வேலைக்கு உரிய காலம், துலாவர்ஷம் ஓய்ந்தபின் தை முதல் பங்குனி வரை.

அடுத்த விடுப்பில் நாம் அப்புரையை அவிழ்த்துப் பிரித்தோம். இம்முறை அன்னையாரே இடம் காட்டினார். மழை பெய்தபோது நீர் எவ்வழியே ஓடுகிறது என்பதை அறுபது ஆண்டுகள் கண்டவர் அவர். முளையடித்தது நாம், கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது அவருடைய இடக்கை. பின்னர் ஐந்து மழைக்காலம் கழிந்துவிட்டது. கதவு ஒரு விரலால் திறக்கிறது.

ஆதலின் அன்பர்களே, விடுப்பில் ஊர் செல்வோர் பணத்தோடு சிறிது பொறுமையையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். மறுநாள் மண்வெட்டியை எடுங்கள். நாம் கட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றோம். மழைநாளில் அக்கதவைத் திறக்க வேண்டியவர்கள் அவர்களே.

புரையின் கூரையைப் பற்றி அடுத்த திங்கள் எழுதுவோம்.