தரங்கம்பாடிக்குப் போனால் ராஜநாயக்கனையும் தேடுங்கள்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்கும் மாணவத் தோழர்களுக்கு நான் தரங்கம்பாடியைச் சொல்வதுண்டு. மாமல்லபுரம் போல நெரிசல் கிடையாது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை, பழைய வீடுகள் நிற்கும் ராஜவீதி, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். மாலையில் அலையில் இறங்கி ஆசைதீர நனையுங்கள். கடல் யாரிடமும் சாதி கேட்பதில்லை.

கரையேறியதும் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போங்கள். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அவர் தமிழ் கற்றார், அச்சுக்கூடம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இதையெல்லாம் பெருமையோடு சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர் ராஜநாயக்கன். பறையர். தமிழில் அச்சான நற்செய்தியைப் படித்து, தரங்கம்பாடி மிஷனைத் தேடி வந்து உபதேசியார் ஆனார். 1771இல் இறக்கும்வரை உழைத்தார். 1733இல் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றவரோ வெள்ளாளரான ஆரோன். போதகர் பதவிக்கு ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. ஆனால் கிடைக்கவில்லை. அவருடைய தகுதியில் குறை சொல்லவில்லை. அவர் கையால் கொடுக்கும் திருவிருந்தை மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். அவ்வளவுதான் காரணம்.

"எங்களுக்குச் சாதி இல்லை, ஆனால் மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள்." இந்தக் குரலை நீங்கள் கேட்டதில்லையா? 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தபோது, அதிகாரிகள் செய்தது என்ன? தகராறு செய்தவர்களை விட்டுவிட்டு அந்தச் சமையலரை இடமாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். கை மாறியது, காரணம் மாறவில்லை.

வெளிப்படையாகச் சாதி பேசுகிறவனை அடையாளம் காண்பது எளிது. அவனுக்காக அனுசரித்துப் போகும் நல்லவர்கள்தான் சாதியைக் காலம் காலமாகக் காப்பாற்றுகிறார்கள். அந்த அனுசரிப்பை உடைத்தால் உத்தரவு மாறும் என்பதற்குத் திருப்பூரே சாட்சி. ராஜநாயக்கனுக்காக அன்று யாரும் அப்படித் தெருவில் இறங்கவில்லை.

போய் வாருங்கள், தோழர்களே. கோட்டைமுன் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அச்சுக்கூடம், முதல் போதகர் என்று யாராவது சொல்லும்போது, "ராஜநாயக்கன் ஏன் போதகராகவில்லை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஊர் திரும்பியதும் அதே கேள்வியை உங்கள் கல்லூரியிலும் சங்கத்திலும் கேளுங்கள்.

ஜெய்பீம்.