வட்டிக்காரனுக்குப் பின் வரிக்காரனா?

வருங்கால வைப்பு நிதி! பெயரிலேயே வருங்காலம் இருக்கிறது. தொழிலாளியின் வாயிலில் வந்து நிற்கும் வட்டிக்காரனோ நிகழ்காலத்தில் அல்லவா நிற்கிறான்! "ஐம்பத்தெட்டு வயது ஆகட்டும், தருகிறேன்" என்றால் கேட்டுக்கொள்வானா? வேலையை விட்டாவது வைப்பு நிதியைப் பெற்றுக் கடனை அடைக்க முனைகிறான் ஏழை. உடனே குறுக்கே நீள்கிறது வரித்துறையின் கை.

ஊதியத்தில் தொழிலாளி செலுத்துவது 12 விழுக்காடு. முதலாளி தரும் 12-இல் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போக, எஞ்சிய 3.67 வைப்பு நிதியில் சேர்கிறது. தொடர்ச்சியாக ஐந்தாண்டுப் பணி முடியுமுன் இந்நிதியை முடித்து வாங்கினால், முதலாளியின் பங்கும் அதன் வட்டியும் அவ்வாண்டின் சம்பளமாகிவிடும். தன் பங்கின் வட்டிக்கும் வரி உண்டு. தன் பங்குக்கு முன்னர் வரிச்சலுகை பெற்றிருந்தால் அதுவும் பறிபோகும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் ஆனால், கொடுக்கும்போதே 10 விழுக்காடு பிடித்தம். நிரந்தரக் கணக்கு எண் காட்டாதவருக்கு 20!

ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை வரியே இல்லையென்று 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முழங்கினார்கள். அந்த வரம்பின் நிழலைக்கூட மிதித்தறியாத தையற்கூடப் பெண்ணின் 60,000 ரூபாயில் 6,000 ரூபாயை ஏன் பிடிக்க வேண்டும்? "உறுதிமொழிப் படிவம் தந்தால் பிடிக்கமாட்டோம், பிடித்ததையும் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்" என்பர் அதிகாரிகள். உண்மைதான். அப்படியொரு படிவம் உண்டென்று அவளிடம் சொன்னவர் யார்? திரும்பி வரும்வரை அந்த ஆறாயிரத்துக்குக் கந்துவட்டி கட்டப்போகிறவர் யார்?

நோயுற்று வேலை இழந்தவருக்கும், ஆலை மூடப்பட்டவருக்கும் விலக்கு உண்டு. கடன் தீர்க்க வேலையை விட்டவருக்கு அந்தப் பரிவு கிடையாது. முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைக் காப்பதற்குத் தண்டமா வழி?

2016-ஐ எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டம் வைப்பு நிதியின் 60 விழுக்காட்டுக்கு வரி என்றது; எதிர்ப்புக் கிளம்பவே மார்ச்சு 8-இல் திரும்பப் பெறப்பட்டது. முதலாளியின் பங்கை 58 வயதுவரை முடக்கும் ஆணை வந்தபோது, ஏப்ரல் 18, 19 நாட்களில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சாலையை நிறைத்தார்கள். 19-ஆம் நாளே ஆணை கைவிடப்பட்டது. பேரவையில் எழாத குரல் பெங்களூருச் சாலையில் எழுந்தது!

ஐந்தாண்டு நிபந்தனை நீங்க வேண்டும். வரி வரம்புக்குட்பட்டவரிடம் முன்பிடித்தம் கூடாது. இது நம் கோரிக்கை. அதுவரை, வேலை மாறும் தோழர்கள் பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்க. பழைய பணியாண்டுகளும் அந்த ஐந்தில் சேரும். எடுத்தே தீரவேண்டியவர்க்கு அந்தப் படிவத்தை நிரப்பித் தர ஒவ்வொரு கிளையிலும் ஒரு தோழர் ஞாயிறுதோறும் அமரட்டும்.